ஆட்டுப்பட்டிக் கொண்டி

வீடு கட்டினால் கதவு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு கதவுக்கு இத்தனை இரும்பு வேண்டும் என்பது கட்டி முடிக்கிற வரைக்கும் தெரியாது. கீல், தாழ்ப்பாள், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், கைப்பிடி, பூட்டு, போல்ட்டின் முனை போய் உட்கார நிலையில் ஓட்டை போட்ட ஒரு தகடு. இதில் எது ஒன்று சரியில்லை என்றாலும் கதவு இருந்தும் இல்லாத மாதிரிதான். இதையெல்லாம் நான் விருப்பப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. என் மாமனார் டீ குடிப்பதை நிறுத்தியதால் கற்றுக்கொண்டேன்.

மலைமேல், குண்டூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. அது போக, வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு டீக்கடை. பழைய வீட்டில் குளிக்கிற இடமும் கக்கூசும் பின்னால், சரிவில் இறங்கிப் போக வேண்டும். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. இடது கையில் கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். மழை நாளில் அந்தச் சரிவில் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்குவதற்குள் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் உயிர் போய்த் திரும்பும். வீட்டோடு சேர்ந்த பாத்ரூம் இருந்தால்தான் ஆகும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். புது வீடு கட்டியதே அதற்காகத்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு கட்டிய யாருக்கும் அது கடைசி வரைக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

கதவுச் சாமான் வாங்க நானும் என் வீட்டுக்காரரும் அடிவாரத்துக்கு இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். கடைக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் நேராக வாசல் கதவுச் சாமான் இருக்கிற பக்கம் போனார். பித்தளையில் யானைத் தலை, மயில், சங்கு என்று கைப்பிடிகளைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். மயிலா யானையா என்று என்னைக் கேட்டார். நான் எதைச் சொன்னாலும் அடுத்ததைத்தான் எடுப்பார் என்று தெரியும். அதனால் மயில் என்றேன். யானை வாங்கினார்.

வாசல் கதவுக்கு மட்டும் மதியம் வரைக்கும் ஆனது. பூட்டு உள்ளே எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, கீல் துருப் பிடிக்குமா, எண்ணெய் விட வேண்டுமா என்று அவர் கேட்ட கேள்விகளைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்டிருக்க மாட்டார். பாத்ரூம் கதவு என்று நான் ஆரம்பித்தேன். அதற்குப் பிளாஸ்டிக் கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் கீலும் அதோடேயே வரும், நனைந்தாலும் கெடாது என்றார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிட்டு இவர் மறுபடி யானையைத் தடவிப் பார்த்தார். அந்தக் கதவுக்காகத்தான் வீடே கட்டுகிறோம். அதை வாங்க ஆன நேரத்தில் ஒரு டீ ஆற்றி முடிக்க முடியாது.

பங்குனி வெயிலில் ஆசாரி அடிவாரத்திலிருந்து வந்து எல்லாக் கதவையும் மாட்டினார். எல்லாம் அழகாக மூடித் திறந்தன. காய்ந்த மாதத்தில் எந்தக் கதவும் நல்ல பிள்ளைதான். எங்கள் ஊரில் ஆடி பிறந்து மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரும்போதுதான் அதன் குணம் தெரியும். இது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் வெயில் காலத்தில்தான் கதவு மாட்டுவோம், ஏனென்றால் அப்போதுதான் ஆசாரி மேலே வருவார்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று வந்த சொந்தம் எல்லாம் யானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. கனமாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் பூட்டைச் சுற்றிக் காட்டினார். அந்தக் கூட்டத்தில்தான் என் நாத்தனார் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இவர் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போய் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாத்தனாருக்கு நிம்மதி, இவருக்கும் நிம்மதி. உள்ளே போகிறவரைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பந்தியில் நின்றிருந்த எனக்கு இந்த விஷயமே மறுநாள்தான் தெரியும்.

கழற்றிய கொஞ்ச நேரத்தில் மாமா உள்ளே போயிருக்கிறார். வீடு நிறையப் பெண்கள். கை கழுவ இடம் தேடிய தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கதவைத் தள்ளிவிட்டாள். ஐயோ என்று கத்திக்கொண்டு அவள் வெளியே ஓடி வந்ததும், என்ன என்ன என்று பத்துப் பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. மாமா வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பாத்ரூம் பக்கம் போகிறவர்கள் இருமிவிட்டுப் போக வேண்டும். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். அதை முதலில் மீறியதும் அவர்தான், பல் விளக்கப் போன அவசரத்தில். இருமினால் மட்டும் என்ன? எத்தனை பேர் இருமினாலும் கதவு கதவாகிவிடாது.

அப்புறம்தான் மாமா டீயை நிறுத்தினார். மனுஷர் காலையில் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆயுசு முழுக்கக் குடித்தவர். வேண்டாம் சாமி, வாய் கசக்குது என்றார். டீக்கடை நடத்துகிறவளிடம் டீ கசக்கிறது என்றால் எப்படி இருக்கும்? தூளை மாற்றினேன். இஞ்சி தட்டிப் போட்டேன். சர்க்கரையைக் கூட்டினேன், குறைத்தேன். சுக்குக் காப்பி வைத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டம்ளரைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிடுவார். சென்னையிலிருந்து வருகிறவர்கள் என் டீயைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். சிரித்தார். குடிக்கவில்லை.

தண்ணீரும் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அது காய்ச்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா அவருடைய நாக்கைப் பார்த்துவிட்டு, நீர்க்கடுப்பு என்று சொல்லிவிட்டு, ஏம்மா இவருக்குத் தண்ணியே குடுக்கறதில்லையா என்று என்னைக் கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு வந்த கோபத்தை அந்த இடத்தில் விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரில் சொம்பு நிறையத் தண்ணீரை வைத்து, இதைக் குடிக்காமல் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தேன்.

அவர் சொம்பைப் பார்த்தார். அப்புறம் பாத்ரூம் கதவைப் பார்த்தார்.

"கதவச் சாத்திக்கற மாதிரி இருந்தா நான் தண்ணி குடிப்பேன் சாமி," என்றார். "குடிச்சா அங்க போவோணுமல்ல."

எனக்கு முதலில் அழுகை வந்தது, அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்தது. இத்தனை வாரமாக இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேனே. ஒரு தாழ்ப்பாளுக்காக ஒரு மனுஷர் தன் தொண்டையைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தாழ்ப்பாளோ என் வீட்டுக்காரரின் பழைய சட்டைப் பையில் இருந்தது.

அன்றைக்கே மாட்டச் சொன்னேன். மாட்டினார். ஆனால் அதற்குள் மழை தொடங்கியிருந்தது. மரக் கதவுகள் எல்லாம் ஊதி, சமையலறைக் கதவை மூட நான் முதுகால் முட்ட வேண்டியிருந்தது. பாத்ரூமின் பிளாஸ்டிக் கதவு ஊதவில்லை. ஆனால் அதன் கீலில் இருந்த ஸ்க்ரூ எல்லாம் இளகி, கதவு ஒரு பக்கமாகத் தொங்கிப் போயிருந்தது. போல்ட் ஒரு இடத்திலும் அது நுழைய வேண்டிய ஓட்டை அதற்கு மேலேயும் இருந்தன. கதவை முழங்காலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால் போல்ட் உள்ளே போகும். ஒரு கால் நன்றாக இல்லாதவர் இன்னொரு காலால் கதவைத் தூக்குவார் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இவர் ஓட்டைத் தகட்டைக் கழற்றிக் கொஞ்சம் கீழே வைத்து மாட்டினார். ஒரு வாரத்தில் கதவு இன்னும் கொஞ்சம் தொங்கியது.

வேறு வாங்கி வரச் சொன்னேன். குமிழைத் திருகினால் பூட்டுகிற மாதிரி ஒன்று வாங்கி வந்தார். சோப்புக் கையில் அது என் கைக்கே திரும்பவில்லை. அடுத்து, பட்டனை அமுக்கினால் பூட்டுகிறது என்று ஒன்றைப் போனில் பார்த்துவிட்டு, பாதி நாளை பஸ்ஸில் கழித்து வாங்கி வந்தார். அது பிளாஸ்டிக் கதவின் கனத்துக்குப் பொருந்தவே இல்லை. திருப்பிக் கொடுக்க மறுபடி எழுபது வளைவு இறங்கி ஏற வேண்டும். மூன்றாவதாக, மேலே தூக்கி நகர்த்துகிற பெரிய தாழ்ப்பாள் ஒன்று, எவர்சில்வரில், பளபளவென்று. அதை மாட்டியதும் மாமாவைக் கூப்பிட்டு, போட்டுப் பாருங்கப்பா என்றார்.

மாமா போய் நின்றார். கையை நீட்டவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கோலை எங்க வெக்கறது?" என்றார்.

அவருக்கு வேலை செய்கிற கை ஒன்று. அந்தக் கையில் கோல். தாழ்ப்பாள் போட வேண்டும் என்றால் கோலை விட வேண்டும். ஈரத் தரையில் கோலை விட்டால் ஆளே விழுவார். வாங்கிய சாமான் அத்தனையும் இரண்டு கை இருக்கிறவருக்குச் செய்தது. கடைக்காரருக்குத் தோன்றவில்லை, ஆசாரிக்குத் தோன்றவில்லை, தினமும் அவருக்குச் சட்டை மாட்டிவிடுகிற எங்களுக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். இனிமேல் எந்தக் கடைக்கும் போக மாட்டேன் என்றார். போகவே வேண்டாம் என்று நானும் கத்தினேன். கத்துவதற்கு என்னிடம் வேறு விஷயம் இல்லை.

மாமா மட்டும் மெதுவாக நடந்து பின்வாசலுக்குப் போனார். அங்கே நிலையில் சாய்ந்து நின்று கோல் முனையால் ஆட்டுப்பட்டியைக் காட்டினார்.

எங்கள் பட்டிக் கதவில் இருக்கிற கொண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு இரும்புப் பட்டை, ஒரு முனையில் ஆணியில் ஆடும். எதிரில் வாய் அகலமான ஒரு கொக்கி. கதவைச் சாத்தினால் பட்டை கொக்கியின் சரிவில் ஏறி, தன் கனத்தாலேயே கொக்கிக்குள் விழுந்துவிடும். திறக்க, பட்டையை மேலே தட்டிவிட்டால் போதும். தலையில் தழைக்கட்டு, இடுப்பில் குட்டி என்று வருகிறவருக்குக் கை ஏது? முழங்கையாலோ தோளாலோ தட்டித்தான் எங்கள் பக்கம் எல்லோரும் பட்டி திறப்பார்கள். மாமா அதை ஆயுசு முழுக்க அப்படித்தான் திறந்திருக்கிறார். மழையில் கதவு ஊதினாலும் தொங்கினாலும், கொக்கியின் வாய் அகலம் என்பதால் அது ஒரு நாளும் தவறியதில்லை. நானும் தினமும் அதைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆட்டுப்பட்டிக் கொண்டியைப் புது வீட்டுக்குள் மாட்டினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றார். அப்பாவை ஆட்டைக் கட்டின மாதிரி கட்டி வைத்திருக்கிறான் என்று சொல்வார்கள் என்றார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்து நின்றதைச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, வந்தவங்க பாக்கறதுக்கு வாசல்ல யானை இருக்குது. இது அவரு போறதுக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். அப்பா உள்ளே விழுந்தால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்க வேண்டும். அது அவருடைய பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் அதே பயத்தில்தான் இருந்தேன்.

பிளாஸ்டிக் கதவில் அந்தக் கொண்டி நிற்காது. அதனால் சாமான் அறைக்குப் போட்டிருந்த பலா மரக் கதவைக் கழற்றிப் பாத்ரூமுக்கும், பிளாஸ்டிக்கைச் சாமான் அறைக்குமாக மாற்றினோம். மழையில் மேலே வர மாட்டேன் என்று ஆசாரி சொல்லிவிட்டதால் எல்லாம் என் வீட்டுக்காரரே செய்தார். உள்ளே விழுகிறவர் கதவை அடைத்துக்கொண்டு விழுந்தால் என்ன செய்வது என்று கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைத்தார். கதவு வெளியே திறப்பது வீட்டுக்கு ஆகாது என்று போனில் நாத்தனார் சொன்னதை, ஆச்சரியமாக, இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரும்புப் பட்டையை நிலையிலும் கொக்கியைக் கதவிலும் பொருத்தி, இழுத்துச் சாத்த ஒரு கயிற்று வளையம் கட்டினார். மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் போதும், கோல் கையிலேயே இருக்கும். பட்டைக்கு நேர் கீழே கதவில் நீளமாக ஒரு துளை போட்டார். வெளியிலிருந்து அதற்குள் எதையாவது விட்டுத் தூக்கினால் கொண்டி திறந்துவிடும். எதையாவது என்றால் எதை? என் தோசைக் கரண்டியின் காம்பு அதற்குச் சரியாக இருந்தது. பாத்ரூம் வாசலில் ஆணி அடித்து என் கரண்டியை அதில் மாட்டிவிட்டார். இனிமேல் தோசையை எதால் திருப்புவது என்று நான் கேட்டதற்கு, வேறு வாங்கித் தருகிறேன் என்றார். இன்னும் வாங்கித் தரவில்லை.

கொண்டியை இழந்த பட்டிக்கு, எவர்சில்வர் தாழ்ப்பாளை மாட்டினார். எங்கள் ஆடுகளுக்குத்தான் இந்த மலையிலேயே பளபளப்பான கதவு.

எல்லாம் முடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டோம். அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே போனார். கயிற்றில் கையை விட்டு இழுத்தார். பட்டை ஏறி விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மறுபடி முழங்கையால் தட்டித் திறந்தார், மறுபடி சாத்தினார். மூன்றாவது தடவை சாத்தியவர் திறக்கவில்லை.

நாங்கள் நின்றோம். மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். கதவில் காதை வைத்துக் கேட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் முடியாமல் ஆணியிலிருந்த கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அப்பா?" என்றார்.

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது, நோயாளியின் குரல் இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரர் குரல்.

"உள்ள ஆளிருக்குது."

என் வீட்டுக்காரர் கரண்டியைச் சத்தமில்லாமல் ஆணியில் மாட்டினார். நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

மாமா அவசரமே படாமல் வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கோலைச் சாய்த்து வைத்தார். நான் சின்ன டம்ளரில் டீயைக் கொண்டுபோய் நீட்டினேன். அதை வாங்கவில்லை. சுவர் அலமாரியில் இருந்த அவருடைய பெரிய டம்ளரைக் கண்ணால் காட்டினார்.